காலுக்கு ஏற்ற துடுப்பு: ஸ்கூபா ஃபின்ஸ் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஸ்கூபா டைவிங் போய் வந்தவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு வீட்டில் உள்ளவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘சிலிண்டர்ல காத்து தீர்ந்துபோனா என்ன பண்ணுவே?’ என்பதாக இருக்கும். அடுத்தது, ‘சுறா வந்துச்சா?’ காலில் என்ன மாட்டியிருந்தாய், அது சரியாகப் பொருந்தியதா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால், முதல்முறை கடலுக்குள் போனவர்களில் பலர் கரைக்கு வந்ததும் தடவிக்கொண்டிருப்பது காலைத்தான். குதிகாலில் கொப்புளம், கெண்டைக்காலில் பிடிப்பு, கட்டைவிரல் நகத்தில் வலி. சிலிண்டரின் காற்று சீக்கிரம் தீர்ந்துபோனதற்கும் பல சமயம் காலில் மாட்டியிருந்த அந்த ரப்பர் துடுப்பே காரணமாக இருந்திருக்கும்.

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில், வில்லியனூரைத் தாண்டினால் வருகிறது அரியூர். சர்க்கரை ஆலையாலும், பிறகு மருத்துவக் கல்லூரியாலும் பெயர் தெரிந்த ஊர். சுற்றிலும் வயலும் கரும்பும்தான். கடலுக்கும் இந்த ஊருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனாலும், பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் கடற்கரைக்குப் போய்விடலாம். அங்கிருந்து படகில் ஏறிச் சில கிலோமீட்டர் போனால், வங்காள விரிகுடாவின் அடியில் இறங்கிப் பார்க்க ஓர் உலகம் இருக்கிறது. கரையிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தூரத்தில், சுமார் 18 மீட்டர் ஆழத்தில், ‘டெம்பிள் ரீஃப்’ என்ற செயற்கைப் பாறைத்திட்டை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். மீன் கூட்டம் குடியேறட்டும் என்று கான்கிரீட்டையும் இரும்புச் சட்டங்களையும் இறக்கி அமைத்தது அது.

வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் புதிதல்ல. பம்புசெட் கிணற்றிலும் ஏரியிலும் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகிய தலைமுறை இன்னும் இருக்கிறது. ஆனால், கிணற்று நீச்சலில் கைதான் முதலாளி, கால் கூலியாள். ஸ்கூபாவில் அது தலைகீழ். கையை மார்போடு கட்டிக்கொண்டு, அல்லது முன்னால் கோத்துக்கொண்டு, முழு வேலையையும் காலிடம் கொடுத்துவிட வேண்டும். கையைத் துழாவினால் காற்றும் பலமும் வீணாகும். பக்கத்தில் வருகிறவரின் முகமூடியைத் தட்டிவிடவும் வாய்ப்புண்டு. ஆக, முதுகில் சிலிண்டர், உடம்பில் ஜாக்கெட், இடுப்பில் ஈயக்கட்டி என்று இத்தனை பாரத்தையும் தண்ணீருக்குள் நகர்த்துவது காலில் இருக்கும் அந்த இரண்டு துடுப்புகள்தான்.

காலும் காற்றும்

தண்ணீரின் அடர்த்தி காற்றைப் போல ஏறக்குறைய 800 மடங்கு. அதற்குள் வேகமாகப் போக நினைத்தால் தண்டனை கடுமையாக இருக்கும். வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் தண்ணீரின் எதிர்ப்பு நான்கு மடங்காகும்; அதைச் சமாளிக்க உடம்பு செலவழிக்க வேண்டிய சக்தியோ எட்டு மடங்கை நெருங்கும். அதனால்தான் நல்ல டைவர்கள் தண்ணீருக்கடியில் சோம்பேறிகளைப் போலத் தெரிவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று இருக்கும். 50 பார் அளவைக் கையிருப்பாக விட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும் என்பது வழக்கம். ஆகவே, செலவழிக்கக் கிடைப்பது 1,650 லிட்டர். நிதானமாக நீந்துகிறவர் தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 18 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2.8 மடங்கு. எனவே, அங்கே அதே மூச்சுக்கு 56 லிட்டர் செலவாகும். அவருக்குக் கிடைப்பது 29 நிமிடம். பொருந்தாத ஃபின்ஸோடு மல்லுக்கட்டி மூச்சு வாங்குகிறவர் 35 லிட்டர் இழுத்தால் நிமிடத்துக்கு 98 லிட்டர் காலி. 17 நிமிடத்தில் அவருடைய டைவ் முடிந்துவிடும். அவர் ஒருவருக்காகக் கூட வந்த ஜோடியும் மேலே வந்தாக வேண்டும். படகுக்கும் பயிற்சிக்கும் கொடுத்த பணம் இருவருக்கும் ஒன்றுதான்!

இரண்டு வகை, ஒரு கேள்வி

கடையில் தொங்கும் ஃபின்ஸைப் பார்த்தால் நிறமும் விலையும்தான் முதலில் கண்ணில் படும். முதலில் பார்க்க வேண்டியதோ குதிகால் பக்கத்தை.

ஒன்று, ஷூ மாதிரி குதிகாலையும் சேர்த்து மூடிக்கொள்வது. இதை ‘ஃபுல் ஃபுட்’ என்கிறார்கள். வெறுங்காலில் அப்படியே மாட்டிக்கொள்ளலாம். எடை குறைவு, விலையும் குறைவு, பெட்டியில் அடங்கிவிடும். நம்மைப் போல வெதுவெதுப்பான கடலில், படகிலிருந்து இறங்கிப் படகிலேயே ஏறுகிறவர்களுக்கு இது போதும். புதுச்சேரியில் பெரும்பாலும் படகு டைவ்தான் என்பதால், இங்கே தொடங்குகிறவர்கள் இதிலேயே தொடங்குவதில் தவறில்லை. இதன் குறை, அளவு. கால் எண் அரை அளவு தப்பினாலும் தோல் உரிந்துவிடும்.

மற்றது, குதிகால் பக்கம் திறந்திருக்க, பின்னால் பட்டை போட்டு இழுத்துக்கொள்வது. இது ‘ஓப்பன் ஹீல்’. இதற்குள்ளே ‘பூட்டீஸ்’ எனப்படும் நியோப்ரீன் காலணி அணிந்தாக வேண்டும். வெறுங்காலில் மாட்டினால் பட்டை அறுத்துவிடும். பாறையும் பவளத் துண்டும் கிடக்கும் கரையிலிருந்து நடந்தே கடலில் இறங்குகிறவர்களுக்கு, அந்தமான் பக்கம் அப்படிச் சில இடங்கள் உண்டு, இதுதான் சரி. சித்திரை வெயிலில் மணல் கொதிக்கும்போது பூட்டீஸின் அருமை தெரியும். விலை கூடுதல். பூட்டீஸுக்குத் தனியாக வேறு கொடுக்க வேண்டும்.

ஓப்பன் ஹீல் என்று முடிவு செய்தவர்கள் முதலில் வாங்க வேண்டியது பூட்டீஸைத்தான். அதைப் போட்டுக்கொண்டு போய்த்தான் ஃபின்ஸைப் பார்க்க வேண்டும். ரவிக்கைத் துணி வாங்கிவிட்டுப் புடவை தேடுகிற மாதிரி தலைகீழாகத் தோன்றும். ஆனால், 3 மில்லிமீட்டர் பூட்டீஸுக்குக் கச்சிதமாக இருக்கும் ஃபின்னுக்குள், 5 மில்லிமீட்டர் பூட்டீஸ் நுழையவே நுழையாது.

அந்தப் பட்டையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் கொக்கி வைத்த ரப்பர் பட்டை ஒரு வகை. உப்பும் மணலும் சேர்ந்தால் கொக்கி இறுகிக்கொள்ளும், வெயிலில் ரப்பர் வெடிக்கும். ஸ்பிரிங் பட்டை இன்னொரு வகை. கட்டைவிரலை வளையத்தில் விட்டு இழுத்து மாட்டினால் முடிந்தது. விலை சற்று அதிகம்தான். ஆனால், ஆடுகிற படகில் குனிந்து கொக்கி தேடிக் குமட்டல் வரவழைத்துக்கொண்டவர்கள் அந்தக் கூடுதல் பணத்தைப் பெரிதாக நினைப்பதில்லை.

மெட்டியும் கொலுசும்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இருக்காத விஷயம் இது. நம் வீட்டுப் பெண்கள் டைவிங் போகும்போது காலில் மெட்டியும் கொலுசும் இருக்கும். ஃபுல் ஃபுட் வகையின் கால் பை விரல்களை நெருக்கிப் பிடிக்கும். அரை மணி நேரம் உதைத்தால் மெட்டி பக்கத்து விரலில் பதிந்துவிடும். கொலுசு, பட்டையிலோ வலையிலோ சிக்கிக்கொள்ளலாம். கொலுசைக் கரையிலேயே கழற்றிக் கொடுத்துவிடுவது நல்லது. மெட்டியைக் கழற்ற மனமில்லாதவர்கள் மெல்லிய நியோப்ரீன் சாக்ஸ் அணிந்து, அதற்குத் தகுந்தாற்போல் ஓர் அளவு கூடுதலான ஃபின் கேட்கலாம்.

அடுத்தது, நம் பாத அமைப்பு. சின்ன வயதிலிருந்து வெறுங்காலோடும் செருப்போடும் நடந்தவர்களின் பாதம் முன்பக்கம் விரிந்து அகலமாக இருக்கும். ஐரோப்பியக் கம்பெனிகள் செய்யும் கால் பைகளில் சில ஒடுங்கியவை. நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் பக்கம் நசுங்கினால், அந்த மாடல் உங்களுக்கானதல்ல. ஓர் எண் பெரிதாக எடுத்தால் அகலம் சரியாகும், குதிகால் கழன்றுகொள்ளும். வேறு கம்பெனியின் அகலமான மாடலைத் தேடுவதுதான் வழி.

எண்களிலும் குழப்பம் உண்டு. நம் ஊர்ச் செருப்புக் கடையில் 8 என்று கேட்டு வாங்குவது பிரிட்டிஷ் கணக்கு. அதே கால் ஐரோப்பியக் கணக்கில் ஏறக்குறைய 42, அமெரிக்க ஆண்கள் கணக்கில் 9. பெண்களின் 4, 5 எண்கள் ஐரோப்பியக் கணக்கில் 37, 38 பக்கம் வரும். இணையத்தில் வாங்குகிறவர்கள் எந்த நாட்டுக் கணக்கு என்று பார்க்காமல் ‘8’ஐ அழுத்திவிட்டு, பெட்டியைத் திறந்ததும் தலையில் கை வைக்கிறார்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் டைவிங் போகலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பயிற்சி மையங்களில் கொடுக்கும் உடல்நலப் படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது, மறைக்கக் கூடாது. மருத்துவர் சரி என்று சொன்னாலும், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஃபின்ஸ் கடிப்பதே தெரியாது. கரைக்கு வந்து பார்த்தால் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருக்கும். அது ஆறுவதற்கு எத்தனை வாரம் என்பது வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் ஃபுல் ஃபுட் பக்கமே போகாமல், மென்மையான பூட்டீஸோடு ஓப்பன் ஹீல் அணிந்து, ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வது அவசியம்.

குழந்தைகள் விஷயத்தில் அப்பா அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. 10 வயதிலிருந்து முறையான ஸ்கூபா பயிற்சியில் சேர்த்துக்கொள்கிறார்கள். ‘வளர்ற புள்ள, ரெண்டு சைஸ் பெருசா எடு’ என்று யூனிஃபார்ம் எடுக்கிற பழக்கத்தை இங்கே காட்டிவிடாதீர்கள். பெரிய ஃபின் நடுக்கடலில் கழன்று போனால், ஒரு காலில் துடுப்போடு அந்தக் குழந்தை வட்டமடித்துக்கொண்டிருக்கும். வளரும் பிள்ளைகளுக்குப் பட்டையைத் தளர்த்தி இறுக்கக்கூடிய ஓப்பன் ஹீல்தான் இரண்டு மூன்று வருடம் தாங்கும். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் போகிற குடும்பமாக இருந்தால் வாங்கவே வேண்டாம். மையத்திலேயே கொடுப்பார்கள்.

கடையில் செய்து பார்க்க வேண்டியது

மாலையில் போங்கள். பகல் முழுவதும் நடந்த பிறகு கால் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் உண்மையான அளவு. ஃபுல் ஃபுட் வகையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபடி காலைத் தூக்கி, மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். குதிகால் உள்ளே நழுவி நழுவி வருகிறதா? பெரிது. விரல்கள் மடங்குகின்றனவா, பாதத்தின் வளைவில் பிடிப்பு வருவதுபோல் இருக்கிறதா? சிறிது. ஐந்து நிமிடமாவது போட்டுக்கொண்டே இருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், கடலுக்குள் அரை மணி நேரம் போட்டிருக்கப்போவது நீங்கள்தான். ஓப்பன் ஹீல் என்றால், பட்டையை மாட்டாமலே காலைத் தூக்கிப் பார்ப்பது ஒரு சுலபமான சோதனை. பூட்டீஸ் அணிந்த கால் பைக்குள் இறுகி, ஃபின் உடனே கழன்று விழாமல் ஒரு கணமாவது தொங்க வேண்டும்.

கடினமா, மென்மையா?

ஃபின்னின் நுனியைப் பிடித்து வளைத்துப் பார்த்தால் அதன் குணம் தெரிந்துவிடும். கடினமான தகடு ஒரே உதையில் நிறையத் தண்ணீரைத் தள்ளும். ஆனால், அந்த பலம் உங்கள் தொடையிலிருந்து வர வேண்டும். தினமும் சைக்கிள் மிதிக்கிற, கால்பந்து ஆடுகிற கல்லூரி மாணவருக்கு அது சரி. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு வருடத்துக்கு இரண்டு முறை டைவ் செய்கிறவர் அதை மாட்டினால், பத்தாவது நிமிடத்தில் கெண்டைக்கால் சுருட்டிக்கொள்ளும். முதல் ஜோடி நடுத்தரக் கடினமாக இருப்பதே நல்லது. கடையில் ‘ப்ரொஃபஷனல்’ என்று சொல்லி விற்பதெல்லாம் உங்களுக்கு ஏற்றது என்று அர்த்தமில்லை.

நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும் ‘ஸ்ப்ளிட் ஃபின்’ பார்க்க மீன் வால் போலவே இருக்கும். முழங்கால், கணுக்கால் வலி உள்ளவர்களுக்கு இது இதமாக இருப்பதாகச் சொல்கிறார்கள். சிறு சிறு உதைகளில் நன்றாகவே போகும். ஆனால், சட்டென்று திரும்பவும், பின்னோக்கி வரவும் இதில் பிடி கிடைக்காது. இதற்கு நேரெதிர், 1960களில் வந்த ‘ஜெட் ஃபின்’ வகை: குட்டையான, அகலமான, கனத்த ரப்பர், நடுவில் தண்ணீர் வழிய ஓட்டைகள். இன்றும் உலகம் முழுக்கத் தொழில்முறை டைவர்கள் பலர் இதை விடுவதில்லை. ஆனால், அதன் எடையை யோசிக்க வேண்டும். குளிர்நாட்டில் தடித்த உடுப்புக்குள் காற்று சேர்ந்து கால் மேலே மிதக்கும், அங்கே கனமான ஃபின் காலைக் கீழே இறக்கி உதவும். நம் கடலில் மெல்லிய உடுப்போடு இறங்குகிறவருக்கு அதே எடை காலைத் தாழ்த்தி, உடம்பை நின்ற நிலைக்குக் கொண்டுவந்துவிடும். நின்றபடி நீந்துகிறவர் தண்ணீரைப் பின்னால் தள்ளாமல் கீழே தள்ளுகிறார், அடியிலிருக்கும் மண்ணையெல்லாம் கிளப்புகிறார்.

சினிமாவில் பார்க்கிற மிக நீளமான ஃபின்ஸ், மூச்சடக்கி ஆழத்துக்குப் போகும் ‘ஃப்ரீ டைவிங்’காரர்களுக்கானது. பாறைகளுக்கு நடுவே சிலிண்டரோடு நிதானமாகப் போகிறவருக்கு அது தொல்லை.

நீச்சல் தெரிந்தவர்களிடம் பயிற்சியாளர்கள் அதிகம் பார்க்கும் தவறு, சைக்கிள் மிதிப்பது. முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கி மடக்கி உதைப்பார்கள். ஃபின் முன்னும் பின்னும் வெட்டுமே தவிர, ஆள் நகரமாட்டார். உதை இடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். முழங்கால் லேசாக மட்டும் வளைய, கணுக்கால் தளர்ந்திருக்க, பெரிதாக, மெதுவாக. இதைக் கற்றபின் கற்க வேண்டியது ‘ஃப்ராக் கிக்’. பெயர்தான் புதிது. கிணற்றில் நம் தாத்தாக்கள் கற்றுக்கொடுத்த தவளை நீச்சலின் கால் அசைவுதான் அது. ஒருமுறை உதைத்துவிட்டு, அப்படியே வழுக்கிக்கொண்டு போகலாம். தண்ணீர் கீழே போகாமல் பின்னால் போவதால் அடிமண் கிளம்பாது. ஆற்று வண்டல் வந்து சேரும் நம் கடலோரத்தில் இது பெரிய விஷயம். முன்னால் போகிறவர் மண்ணைக் கிளப்பினால் பின்னால் வருகிறவருக்குத் தன் கையே தெரியாமல் போகலாம்.

தகடு கட்டிய கால்கள்

ஃபின்ஸ் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் சிறுவனாக இருந்தபோது கைக்குப் பலகைத் துடுப்பும் காலுக்குப் பாதுகை மாதிரி ஒன்றும் செய்து நீந்திப் பார்த்தார். கைத்துடுப்பு வேகம் கொடுத்தது. கால் துடுப்பு அவருக்குத் திருப்தி தரவில்லை. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி டி கார்லியூ 1933ல் ரப்பர் ஃபின்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். அதை அமெரிக்காவில் செய்து விற்றவர் ஓவன் சர்ச்சில் என்ற ஒலிம்பிக் படகோட்டி. இரண்டாம் உலகப் போரில் கடற்படை நீச்சல் வீரர்களின் காலில் ஏறியபிறகுதான் அது உலகம் முழுக்கப் பரவியது.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களுக்கு ஃபின்ஸ் தேவைப்படவில்லை. கல்லைக் காலில் வைத்துக் கீழே போனார்கள், மேலே இருப்பவர் கயிற்றை இழுக்க மேலே வந்தார்கள். கயிறு பிடிக்க மச்சானைத்தான் நம்புவார்கள் என்று கடலோரத்தில் ஒரு பேச்சு உண்டு. தங்கை தாலியறுப்பதை எந்த அண்ணனும் விரும்ப மாட்டான் அல்லவா! ஆனால், பிற்காலத்தில் கயிறில்லாமல் மூச்சடக்கிச் சங்கு எடுக்கப் போனவர்களுக்குக் காலுக்கு உந்துவிசை வேண்டியிருந்தது. ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடலோரத்தில் சங்கு குளிப்பவர்கள் அலுமினியத் தகட்டை வெட்டிக் காலில் மாட்டிக்கொண்டார்கள். கடையில் விற்கும் ஃபின் வாங்கக் காசில்லாதபோது அவர்களே கண்டுபிடித்த ஃபின் அது. அந்தக் கடலில் பாசி எடுக்கும் பெண்கள் இன்றும் பாறை கிழிக்காமலிருக்க ரப்பர் செருப்போடும், விரல்களில் துணி சுற்றிக்கொண்டும் இறங்குகிறார்கள். பல நூறு டைவ் முடித்தவர் என்று சான்றிதழ் காட்டுகிறவர்களைவிட அதிக நேரம் கடலுக்குள் இருந்தவர்கள் அவர்கள்.

2021 பிப்ரவரியில் சென்னை நீலாங்கரைக் கடலில், 60 அடி ஆழத்தில், பட்டுப்புடவையும் வேட்டியுமாக ஒரு ஜோடி மாலை மாற்றிக்கொண்டது செய்தியானது. அதற்கு உதவியவர்கள் புதுச்சேரியின் டெம்பிள் அட்வென்சர்ஸ் மையத்தினர். பார்க்க அழகுதான். ஆனால், நீளத் துணி காலைச் சுற்றினால் என்ன ஆகும் என்பது டைவர்களுக்குத்தான் தெரியும். முன்பயிற்சியும் பக்கத்தில் பயிற்சியாளர்களும் இல்லாமல் யாரும் அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

படகில் எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது?

இதுதான் ஃபின்ஸ் விஷயத்தில் உயிரோடு சம்பந்தப்பட்ட பகுதி. மாட்டுவது கடைசியாக, படகின் விளிம்பில் உட்கார்ந்தபிறகு. மாட்டிக்கொண்டு படகில் நடந்தால் விழுவது நிச்சயம். கரையில் நடந்துதான் ஆக வேண்டுமென்றால் பின்பக்கமாக நடக்க வேண்டும்.

கழற்றுவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். மேலே வந்ததும், படகு பக்கத்தில் தெரிந்ததும், காலில் இருப்பது பாரம்போலத் தோன்றும். படகையோ ஏணியையோ கயிற்றையோ கையால் பிடிக்காதவரை ஃபின்ஸைக் கழற்றவே கூடாது. மீனவர்கள் ‘நீவாடு’ என்று சொல்லும் நீரோட்டம் நம் கரையோரத்தில் பருவத்துக்குப் பருவம் திசை மாறும், நாளுக்கு நாள் வேகம் மாறும். ஒரு நாட், அதாவது மணிக்கு 1.85 கிலோமீட்டர் வேக நீரோட்டத்தை எதிர்த்து, ஃபின்ஸ் போட்ட சராசரி ஆளாலேயே அதிக நேரம் நீந்த முடியாது. கழற்றிவிட்டால் கேட்கவே வேண்டாம், படகு கண்ணெதிரே விலகிக்கொண்டே போகும். ஏணியைப் பிடித்த பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிப் படகில் இருப்பவரிடம் கொடுங்கள், பிறகு ஏறுங்கள். ஏணியில் ஏறுகிறவருக்கு நேர் கீழே இன்னொருவர் மிதந்துகொண்டிருக்கக் கூடாது.

தண்ணீருக்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் பயப்பட வேண்டாம். உதைப்பதை நிறுத்தி, ஃபின்னின் நுனியைப் பிடித்து உங்களை நோக்கி இழுத்துக்கொண்டே முழங்காலை மெல்ல நீட்டினால் விட்டுவிடும். கை எட்டவில்லை என்றால் கூட வருகிறவரிடம் சைகை காட்டினால் போதும், அவர் நுனியைப் பிடித்துத் தள்ளிவிடுவார். காலையில் டீ மட்டும் குடித்துவிட்டு, தண்ணீர் குடிக்காமல் படகேறுகிறவர்களுக்கு இது அதிகம் வருகிறது.

கையில் ஃபின்ஸ் வந்ததும் ஊர் ஏரியிலும் கிணற்றிலும் போட்டுப் பார்க்கத் தோன்றும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு. கொடிப்பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டிய தண்ணீரில் அகலமான தகடு சிக்கிக்கொண்டால் வெறுங்காலைவிட மோசம். நீந்தத் தெரியாதவரை ஃபின்ஸ் நீந்த வைக்காது. பழகுவதற்கு நீச்சல் குளம்தான் சரியான இடம்.

வீட்டுக்கு வந்தபிறகு

நல்ல தண்ணீரில் முக்கி அலசுங்கள், பட்டையின் கொக்கியில் மணல் இருக்கிறதா என்று பாருங்கள், நிழலில் காயவிடுங்கள். மாட்டும்போது நுழையவில்லை என்றால் காலையும் ஃபின்னையும் நனைத்தாலே போதும். எண்ணெய், வாசலின் எதுவும் தடவ வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும். வாங்கும்போது கால் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் அச்சு வைத்திருப்பார்கள். குப்பையில் போட்டுவிடாதீர்கள், சும்மா இருக்கும் மாதங்களில் பை நசுங்காமல் காப்பது அதுதான். நுனி கீழே இருக்கும்படி சுவரில் சாய்த்து வைத்தால் சில மாதங்களில் தகடு வளைந்து அப்படியே நின்றுவிடும். படுக்கவைக்கலாம், குதிகால் பக்கத்தைப் பிடித்துத் தொங்கவும் விடலாம். கத்திரி வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் விட்டுவிட்டுப் போவது எல்லாவற்றிலும் மோசம்.

ஓப்பன் ஹீல் வைத்திருப்பவர்கள் பையில் ஒரு பட்டையைக் கூடுதலாகப் போட்டுக்கொள்வது வழக்கம். பட்டை அறுவது பெரும்பாலும் படகு துறைமுகத்தைத் தாண்டி, எல்லோரும் உடுப்பு மாட்டி உட்கார்ந்த பிறகுதான்.